‘முடியாது’ என்று மேடையை விட்டு இறங்கியவரைப் பற்றி ஒரு திறந்த மடல்

ஹாலிவுட் பட நிறுவனத்தாருக்கும், அவர்களுக்காக இறந்துபோன நடிகர்களின் முகத்தையும் குரலையும் கணினியில் வார்த்துத் தருகிறவர்களுக்கும், அதே கடையை இங்கே கோடம்பாக்கத்தில் திறந்திருக்கிற நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

நான் நடிகன் இல்லை. சினிமா விமரிசகனும் இல்லை. சென்னையில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் பதினோரு வருஷம் பிராம்ப்டராக இருந்தவன். மேடைக்குப் பக்கத்தில் தட்டிக்குப் பின்னால், ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நடிகருக்கு வசனம் மறந்தால் முதல் இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, நாடகம் முடிந்தால் போண்டாவும் காபியும் உண்டு. இந்த மடலை நீங்கள் தமிழில் படிக்கப் போவதில்லை என்று தெரியும். செத்தவரைப் பேச வைக்கிற கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடலை மொழிபெயர்த்துக்கொள்வது பெரிய காரியமா என்ன?

2024 ஆகஸ்டில் ‘ஏலியன்: ரோமுலஸ்’ வந்தபோது அக்கா மகனோடு போயிருந்தேன். அவனுக்கு அந்த ஜந்து பிடிக்கும். எனக்கு 1979-இல் வந்த முதல் ‘ஏலியன்’ பிடிக்கும். படம் கொஞ்ச தூரம் போனதும், சிதைந்து கிடக்கும் விண்கலத்தில், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரோபோ. அதன் முகத்தைக் காட்டினார்கள். இயான் ஹோம், அந்த முதல் படத்தில் நடித்த ஆங்கில நடிகர். காலமான பெரியப்பாவைத் திடீரென்று பஸ்ஸில் பார்த்துவிட்டாற்போல் எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது.

“யாரு மாமா இது?” என்றான். சொன்னேன். “செத்து நாலு வருஷம் ஆச்சுடா.”

“அப்ப இதுல எப்படி நடிச்சார்?”

“அவர் நடிக்கலை.”

“அப்ப யாரு நடிக்கிறா?”

பின்னால் இருந்தவர் உஷ்ஷென்றார். அவனுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதிலும் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் தெரிந்தது இது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக எடுத்து வைத்திருந்த அவருடைய தலை அச்சிலிருந்து, உள்ளே மோட்டார் வைத்து அசைக்கிற ஒரு பொம்மை செய்திருக்கிறீர்கள். டேனியல் பெட்ஸ் என்ற நடிகர் வசனத்தைப் பேசி முகபாவமும் கொடுத்திருக்கிறார். அதன்மேல் கணினியில் வரைந்த முகம், குரலுக்கு ஏஐ பூச்சு. இயக்குநர் ஃபெடே ஆல்வரெஸ் இதையெல்லாம் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஹோமின் குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே செய்திருக்கிறீர்கள். முகம் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் முணுமுணுத்ததும், வீட்டில் பார்க்கிற பதிப்பில் கணினி வேலையைக் குறைத்துப் பொம்மையைக் கூட்டியிருக்கிறீர்கள். ஆகவே திருட்டு என்று வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. கிராஃபிக்ஸ் மோசம் என்று சொல்வதற்காகவும் நான் உட்கார்ந்து இதை எழுதவில்லை. அடுத்த முறை அச்சு அசலாக வந்துவிடும், அப்போதும் இதே மடலைத்தான் எழுதுவேன்.

யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

ஐந்தரை அடிதான் இருப்பார் மனிதர். பாங்க் கவுண்டரில் உட்கார்ந்தால் பொருந்திப்போகிற முகம். 1931-இல் லண்டனுக்குக் கிழக்கே குட்மேஸில் பிறந்தவர். அப்பா அங்கே மனநல மருத்துவமனையைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டர். ராடா நாடகப் பள்ளியில் படித்துவிட்டு, ஸ்ட்ராட்ஃபர்டில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற வேடங்களில் ஆரம்பித்தார். 1961-இல் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை அமைத்த பிறகு அங்கே அவர் ஏறாத வேடமில்லை. பக் என்கிற குறும்புத் தேவதை, ஏரியல் என்கிற காற்றாவி, அப்புறம் அதே சின்ன உடம்பை வைத்துக்கொண்டு மூன்றாம் ரிச்சர்ட், ஐந்தாம் ஹென்றி. ஹென்றி என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கு அதுவரை நடிகர் லாரன்ஸ் ஒலிவியேதான்; நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜிக்கிற ராஜா. ஹோமின் ஹென்றியோ சேற்றில் நடந்து கால் ஓய்ந்த சிப்பாய் என்பார்கள்.

1965-இல் ஹரால்ட் பின்டரின் ‘த ஹோம்கமிங்’ நாடகத்தில் லென்னி. பெண்களை வைத்துத் தொழில் நடத்துகிறவன். அந்த வேடத்துக்காக 1967-இல் நியூயார்க்கில் டோனி என்கிற நாடக விருது கிடைத்தது. மேடையில் பார்க்க நமக்கு ஏது கொடுப்பினை? 1973-இல் பீட்டர் ஹாலே அதைப் படமாக எடுத்தார், ஹோம்தான் லென்னி. நள்ளிரவில் அண்ணன் மனைவியிடம், தான் ஒரு பெண்ணை அடித்த கதையைச் சொல்கிற இடத்தைத் தேடிப் பாருங்கள். ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போட்டார்கள் என்று சொல்கிற தொனி. குரலை உயர்த்துவதே இல்லை. அவள் கையிலிருக்கும் ஒரு தண்ணீர் கிளாஸுக்காக இருவரும் மல்லுக்கு நிற்கும்போதுதான் அந்தத் தொனியில் ஒரு கீறல் விழுகிறது. என் செருப்பில் கால் வைத்தால் அவருக்குச் சரியாகச் சேர்ந்துவிடுகிறது என்கிற அர்த்தத்தில் பின்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார் அவரைப் பற்றி.

திரையில் அவர் ஆன ஆட்களை எண்ணி மாளாது. நெப்போலியனாக மட்டும் மூன்று தடவை, மூன்றும் வேறு வேறு நெப்போலியன். நாஜிகளில் ஹிம்லர், கோயபெல்ஸ். பிள்ளைகளுக்குக் கதை எழுதியவர்களில் லூயிஸ் கேரல், ஜே. எம். பாரி. 1981-இல் பிபிசி வானொலி ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை 26 பகுதிகளாக ஒலிபரப்பியபோது ஃப்ரோடோவின் குரல் அவருடையது. இருபது வருஷம் கழித்து அதே கதை படமானபோது ஃப்ரோடோவின் கிழட்டுச் சொந்தக்காரர் பில்போ. ‘ராட்டட்டூயி’ கார்ட்டூனில் பிரெஞ்சு உச்சரிப்போடு குதிக்கிற குள்ளச் சமையல்காரரும் அவரே. இதில் பாதிப் படங்களை நான் அவர் என்று தெரியாமலே பார்த்திருக்கிறேன்.

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1981) படத்தில் சாம் முஸபினி என்கிற ஓட்டப் பயிற்சியாளர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓடப்போகிற ஹரால்ட் ஆபிரகாம்ஸைத் தயார் செய்தவர். காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறவர் என்பதால் மைதானத்துக்குள் வரக்கூடாது. ஓட்டல் அறையில் ஜன்னலோரம் இருக்கிறார். ஓட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்தது யார் என்று தெரியாது. தூரத்தில் தேசிய கீதம் கேட்கிறது, கூரைகளுக்கு மேலே கொடி ஏறுகிறது. தன் நாட்டுக் கொடி. ஹோம் எழுந்து நிற்கிறார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருக்கும் தொப்பியை ஒரு குத்து, கை மறுபக்கம் வந்துவிடுகிறது. எதிரே பேச ஆளில்லை, அறையில் அவர் ஒருவர்தான். அதற்கு அவருக்கு கான் விழாவில் ஒரு விருது, பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டா ஒன்று, ஆஸ்கர் நியமனம் ஒன்று. ஆஸ்கரை அந்த வருஷம் ஜான் கீல்குட் வாங்கிப் போனார். அவரிடம் தோற்பதில் வெட்கமில்லை.

‘த ஸ்வீட் ஹியராஃப்டர்’ (1997) படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்வார். கைக்குழந்தையைச் சிலந்தி கடித்து உடம்பு வீங்க, மூச்சு நின்றால் தொண்டையைக் கீறத் தயாராகக் கையில் சிறு கத்தியைப் பிடித்தபடி, தாலாட்டுப் பாடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனதை. அந்தக் குழந்தை பிழைத்தது, வளர்ந்தது, போதையில் விழுந்தது. இதில் எதற்கும் அவர் அழுவதில்லை.

சரி, உங்கள் ரோபோவுக்கு வருவோம்.

முதல் ‘ஏலியன்’ படத்தில் ஆஷ் என்கிற விஞ்ஞான அதிகாரி ஒரு ரோபோ என்பது படம் பார்க்கிறவர்களுக்கு வெகுநேரம் தெரியாது. சக ஊழியர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஹோம் ஒருவர்தான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தனியாக இருக்கும்போது, நாற்காலியில் உட்காருவதற்கு முன் நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஓடுகிற மாதிரி கையையும் காலையும் உதறிக்கொள்வார். முதல் தடவை பார்த்தபோது, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர், கால் மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோது முதுகு சில்லிட்டது. மனிதர்கள் இப்படிச் செய்வார்கள் என்று கற்றுக்கொண்ட ஒன்று, ஆள் இல்லாதபோதும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. அப்புறம் நெற்றியில் வழிகிற அந்த ஒரு சொட்டு வெள்ளை வியர்வை. அப்புறம் மேசைமேல் துண்டான தலை. மேசையில் ஓட்டை போட்டு அதன் வழியே நிஜத் தலையை நீட்டிக்கொண்டு, சுற்றிலும் பாலும் சேமியா மாதிரிப் பாஸ்தாவும் கண்ணாடிக் கோலிகளும் கொட்டிக் கிடக்க, பிழைக்க மாட்டீர்கள் என்பதைக் கிட்டத்தட்ட அன்போடு சொல்லிவிட்டு ஒரு புன்னகை.

அன்று மனிதன் இயந்திரமாக நடித்தான், இன்று இயந்திரம் அந்த மனிதனாக நடிக்கிறது என்பதை ஏற்கெனவே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். நான் கேட்பது வேறு. ‘ஏலியன்’ படத்துக்கு மூன்று வருஷம் முன்பு அவருக்கு என்ன நடந்தது என்று உங்களில் யாராவது படித்தீர்களா?

1976. லண்டன் ஆல்ட்விச் அரங்கு. யூஜீன் ஓநீலின் ‘த ஐஸ்மேன் கமத்’ நாடகம், ஹோமுக்கு ஹிக்கி என்கிற விற்பனைப் பிரதிநிதி வேடம். மற்றவர்களெல்லாம் வெகுநேரம் மேடையில் அவனுக்காகக் காத்திருப்பார்கள், வந்தபிறகு பேசுவான், பேசுவான், பேசிக்கொண்டே இருப்பான். கடைசியில் வருகிற ஒரு தனிப்பேச்சு நோட்டில் பல பக்கம் போகும். எந்தப் பிராம்ப்டருக்கும் வயிற்றைக் கலக்குகிற சமாச்சாரம். முறையான அரங்கேற்றத்துக்கு முந்தைய காட்சிகளில் ஒரு நாள், ஹோம் நடுவில் நின்றுபோனார். மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். ஒப்பனை அறையில் சுருண்டு கிடந்தாராம். அந்த வேடத்தை வேறொருவர் செய்தார். இங்கிலாந்தின் முதல் வரிசை மேடை நடிகர் அதற்கப்புறம் பல வருஷம், எப்போதாவது ஒருமுறை தவிர, மேடைப் பக்கமே போகவில்லை. நீங்களும் நானும் திரையில் பார்த்த ஆஷ், முஸபினி எல்லாம் அந்தப் பயம் அவரை சினிமாவுக்குத் தள்ளியதால் நமக்குக் கிடைத்தவை.

மேடையில் ஒருவர் நின்றுபோவதை நான் நாலடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணா இருந்தார். பேர் வேண்டாம். பகலில் அரசாங்க அலுவலகத்தில் வேலை, மாலையில் எங்கள் நாடகங்களில் அப்பா வேஷம். மயிலாப்பூர் பக்கம் ஒரு சபாவில், அந்த நாடகத்தின் முப்பதாவது காட்சியோ என்னவோ. கையில் காபி டம்ளரோடு மகனைப் பார்த்து, “உட்காருடா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பிக்க வேண்டும். முப்பது தடவை சொன்ன வசனம். டம்ளரோடு நின்றார். வார்த்தை வரவில்லை. நான் “உட்காருடா” என்றேன், சன்னமாக. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க. முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டுவிட்டது, யாரோ சிரித்தார்கள். அண்ணா மெதுவாக என் பக்கம் பார்த்தார். என்னைத் தெரியவே தெரியாது என்கிற பார்வை. டம்ளரைக் குனிந்து தரையில் வைத்தார், சிந்தாமல். அப்புறம் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். திரையை இறக்கினோம்.

எங்கள் செயலாளர் “ஒரு மாசம் போனா சரியாயிடும்” என்றார். சரியாகவில்லை. அண்ணா அதற்கப்புறம் பல வருஷம் ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்தார், டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில். மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டால் தலையை ஆட்டிச் சிரிப்பார். “என்னால முடியலைடா” என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

ஹோம் திரும்பி வந்தார். 1993-இல் அல்மேடா என்கிற சின்ன அரங்கில், பின்டரின் புது நாடகம் ‘மூன்லைட்’. சாகக் கிடக்கிற ஒரு மனிதர், பெரும்பாலும் கட்டிலில். பயந்து ஓடியவர் திரும்பும்போது படுத்துக்கொண்டே நடிக்கிற வேடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, பிராம்ப்டர் புத்தி. அதற்கு நாலு வருஷம் கழித்து 1997-இல் நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் ஆகச் சிறியதான காட்டஸ்லோவில், ரிச்சர்ட் ஐரின் இயக்கத்தில் ‘கிங் லியர்’. ஷேக்ஸ்பியரில் கிழ நடிகர்களின் முதுகெலும்பை முறிக்கிற வேடம். வயது அறுபத்தைந்து. புயல் காட்சியில் உடுப்பை முழுக்கக் களைந்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால் நின்றார். அதற்குச் சிறந்த நடிகருக்கான ஒலிவியே விருது. தொலைக்காட்சிக்காக எடுத்த பதிவு இருக்கிறது. ஒரு வரி ஆரம்பிக்கும் முன் சில இடங்களில் அவர் கண்ணில் ஏதோ ஒன்று வந்துபோகிறது. லியரின் பயமா, 1976-இன் பயமா? எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் வார்த்து வைத்திருக்கும் அந்தத் தலையால் இப்படி நின்றுபோக முடியுமா? ‘இந்த வசனம் சரியில்லை, வேறு எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று உங்கள் இயக்குநரிடம் அதனால் சொல்ல முடியுமா? ஆஷ் வேடத்தை 45 வருஷம் கழித்து மறுபடி செய்யக் கேட்டால், உயிருள்ள ஹோம் உடனே சம்மதித்திருக்கலாம். ‘ஒருதடவை செய்தாயிற்று, வேண்டாம்’ என்றும் சொல்லியிருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் உங்களுக்குச் சாதகமான பதிலை நிரப்பிக்கொண்டீர்கள்.

குடும்பம் சம்மதித்ததே என்பீர்கள். சம்மதித்தார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஆல்வரெஸ் ஒரு பேட்டியில் சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஹோமின் கடைசி வருஷங்களில் ஹாலிவுட் அவரைக் கண்டுகொள்ளவில்லை, இன்னும் படங்கள் செய்ய அவருக்கு ஆசையிருந்தது, யாரும் கூப்பிடவில்லை என்று அவருடைய மனைவி வருத்தப்பட்டாராம். அதனால் இந்தப் படத்தில் அவர் இருப்பது அந்த அம்மாவுக்குச் சந்தோஷமாம். இதை நியாயம் என்று சொல்கிறீர்களே, இது உங்கள்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்று உங்கள் யாருக்கும் உறைக்கவில்லையா? பார்க்கின்சன் நோயோடு வீட்டில் இருந்த மனிதரைக் கூப்பிட மறந்துவிட்டு, 2020 ஜூனில் அவர் போன பிறகு, கை நடுங்காத ஒரு பிரதியைச் செய்துகொண்டு கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நோயாளியை வைத்து எப்படிப் படம் எடுப்பது என்று கேட்காதீர்கள். உங்களில் ஒருவரே செய்து காட்டியிருக்கிறார். ‘த ஹாபிட்’ படங்களில் வயதான பில்போ வேண்டும், ஹோமால் நியூசிலாந்துவரை விமானத்தில் போக முடியாது. பீட்டர் ஜாக்சன் லண்டனுக்கு வந்து, பைன்வுட் ஸ்டூடியோவில் அவருடைய பகுதிகளை எடுத்துக்கொண்டு போனார். 2012-லும் 2014-லும் நாம் திரையில் பார்த்தது தளர்ந்துபோன நிஜ மனிதரை. அந்தக் கிழவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் எனக்கு உங்கள் ரோபோ பேசிய மொத்த வசனத்தையும்விடப் பெரிது.

அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நடித்தது டேனியல் பெட்ஸ். உயிரோடு இருக்கிற, வசனம் பேசுகிற, முகம் உள்ள ஒரு நடிகர் உங்கள் படப்பிடிப்பில் இருந்தார். கதையில் அது ஒரு ரோபோ. அதற்கு எந்த முகம் இருந்தாலும் கதை நடக்கும். அதே தொடரில் வந்த மற்ற ரோபோக்களுக்கு லான்ஸ் ஹென்ரிக்சன், மைக்கேல் ஃபாஸ்பெண்டர் என்று வேறு வேறு முகம்தானே இருந்தது? 2016-இல் ‘ரோக் ஒன்’ படத்திலும் இதுவே. 1994-இல் காலமான பீட்டர் குஷிங்கின் முகத்துக்கு அடியில் நடித்துக்கொண்டிருந்தவர் கை ஹென்றி, அவரும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் வளர்ந்த நல்ல நடிகர். படம் பார்த்தவர்கள் குஷிங்கைப் பற்றிப் பேசினார்கள், கை ஹென்றியைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். எங்கள் ஊரில் டப்பிங் கலைஞர்களுக்கு வெகுகாலம் டைட்டிலில் பெயரே போடாமல் இருந்த கொடுமை எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே குரலை மறைத்தோம், நீங்கள் ஆளையே மறைக்கிறீர்கள்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. அதே 2024 செப்டம்பரில் விஜய் படத்தில் விஜயகாந்த் வந்தார். கேப்டன் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. நான் போன தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது, நானும் கை தட்டினேன், மறைப்பானேன்? அதே படத்தில் பவதாரிணியின் குரல். அந்த வருஷம் தொடக்கத்தில் ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரல்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக ஏ. ஆர். ரஹ்மான் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். எல்லாம் முறைப்படி நடந்தது. திவசத்துக்கு வைக்கிற போட்டோ மாதிரி இது ஓர் அஞ்சலி என்றால் எனக்குப் புரிகிறது. போட்டோவுக்கு யாரும் கால்ஷீட் போடுவதில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். இன்றைக்கு ஒரு காட்சி, நாளைக்கு முழுநீளப் படம் என்று போகிற ரூட் இது.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரின் குரலான ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், வயதாகிவிட்டது, இனிமேல் என் பழைய பதிவுகளை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று தானே அனுமதி கொடுத்தார். நடிகர் ராபின் வில்லியம்ஸ் தன் உருவத்தை 2039 வரை யாரும் தொடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இரண்டும் அவரவர் வாயால் சொன்ன பதில். 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலை நிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு சண்டை. அடுத்த வருஷம் கலிஃபோர்னியா போட்ட சட்டம் இறந்தவருக்காக வாரிசுகளைக் கேட்கச் சொல்கிறது. வாரிசு கையெழுத்துப் போட்டால் கதவு திறந்துவிடுகிறது. சொத்துக்கு அது சரி. ஒரு வேடத்தை ஏற்பதா, மறுப்பதா என்று என் பிள்ளை எனக்காகச் சொல்ல முடியுமா? எனக்கு எந்த வசனத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்கு என்ன தெரியும்? நடிகர் தன் வாயால் சொல்லாமல் போயிருந்தால் அந்தக் கதவைத் தட்டாதீர்கள். உள்ளே நின்று நடிக்கிற பெட்ஸின் முகத்தையே காட்டிவிடுங்கள். ஹோம்மேல் அவ்வளவு பிரியம் என்றால் அவருடைய பழைய தொலைக்காட்சி நாடகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்து, உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். நான் காசு கொடுத்துப் பார்க்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது உங்கள் படம் மட்டும் அல்ல. எங்கள் பழைய குழுவுக்கு ஆண்டு விழா கொண்டாட ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு பையன் எழுதினான். பழைய பதிவு ஏதாவது இருந்தால் கொடுங்கள், அண்ணா குரலை ஏஐ-யில் எடுத்து, விழாவில் நாலு வசனம் பேச வைக்கலாம், அவர் பேரனும் ஓகே சொல்லிவிட்டார் என்று. நல்ல பையன். ஆசையாகத்தான் கேட்கிறான்.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. அவர் நின்றுபோன அன்று, எங்கள் மைக்செட்காரர் நாடகம் முழுவதையும் பதிவு செய்து, அப்புறம் என்னிடம் கொடுத்தது. இரண்டாம் பக்கத்தில் பாதி தூரம் ஓட்டினால் அந்த இடம் வரும். அண்ணாவின் செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை, டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும். அதில் என் குரல், “உட்காருடா.” மறுபடி இரைச்சல். மறுபடி என் குரல், கொஞ்சம் பதற்றமாக. ஒரு சிரிப்பு. அப்புறம் டம்ளர் பலகையில் படுகிற சின்னச் சத்தம்.

கேசட் கிடைக்கவில்லை என்று குரூப்பில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய பிராம்ப்டர்
சென்னை